திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களும், மருத்துவ மாணவர்களுக்கான விருதுகளும்



மருத்துவக் கல்லூரியில் படிக்கிற நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு ஏதாவது ஒரு கிராமத்து முகாமுக்குப் போய் வருவார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். "இந்த மாதிரி சேவை செய்யும் மாணவர்களுக்குப் பெரிய விருது ஒன்று வைத்தால் இன்னும் நிறைய பேர் வருவார்களே" என்று அவர்களுக்குள் அடிக்கடி பேச்சு வரும். உடனே இன்னொருவர், "விருதுக்காக வருகிறவன் எதற்கு?" என்பார். விவாதம் அங்கேயே நின்றுவிடும்.

விருது வைத்தால் உண்மையிலேயே ஆள் வருவார்களா? வந்தால் நிலைப்பார்களா? வரலாற்றில் இதற்கு என்ன பதில் இருக்கிறது என்று பார்ப்போம் என்றுதான் இந்தக் கட்டுரை. அந்த வரலாற்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம்ம ஊர்ப் பக்கம், திண்டிவனத்திலேயே அது தொடங்குகிறது.

திண்டிவனத்தில் ஓர் இரவு

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தெரியாதவர் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். "இங்கே முடியாதுன்னா வேலூருக்குப் போயிடுங்க" என்பது பல குடும்பங்களில் கேட்ட வார்த்தை. ஆனால் அந்த வேலூர் மருத்துவமனைக்கு விதை விழுந்த இடம் திண்டிவனம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்க மிஷனரி குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து, பிறகு சென்னைக்கு மாறிய மருத்துவர். அப்பாவும் மருத்துவர்தான். சிறுமியாக இருந்தபோது ஐடா 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை நேரில் கண்டவர். பிறகு படிப்புக்காக அமெரிக்கா போனார். போனவருக்குத் திரும்பி வரும் எண்ணமே இல்லை. வெயில், பசி, நோய் இவற்றை விட்டு விலகி, அமெரிக்காவில் கல்யாணம், குடும்பம் என்று வாழ்வதே அவர் திட்டம்.

1890-ல் திண்டிவனத்தில் இருந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி போனது. அம்மாவைக் கவனித்துக்கொள்ளக் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஐடா வந்தார். அப்போது திண்டிவனம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-ல் தானே.

அங்கே இருந்த நாட்களில் ஓர் இரவு. பிற்காலத்தில் அவரே பலமுறை சொன்ன சம்பவம் இது. ஓர் இளம் பிராமணர் வந்து கதவைத் தட்டினார். பிரசவ வலியில் தன் மனைவி உயிருக்குப் போராடுகிறாள், வந்து உதவ வேண்டும் என்றார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்த மனிதர் மறுத்துவிட்டார். அன்னிய ஆண் ஒருவர் தன் வீட்டுப் பெண்ணைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதை அவர்கள் வழக்கம் ஒப்பவில்லை. அதே இரவு இன்னொருவர் வந்தார், இஸ்லாமியர். அதே வேண்டுதல், அதே மறுப்பு. மூன்றாவதாக மேலும் ஓர் இந்து வந்தார். மீண்டும் அதே கதை.

விடிந்ததும் ஆள் அனுப்பி விசாரித்தார்கள். மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். டாக்டர் அதே வீட்டில் இருக்கிறார். வாகனம் இல்லை, பணம் இல்லை, மருந்து இல்லை என்ற பிரச்சினையே அங்கே எழவில்லை. ஒரு பெண் டாக்டர் இல்லை, அவ்வளவுதான். அந்த ஒரு குறைக்கு ஒரே இரவில் மூன்று உயிர்கள். ஐடா அன்றைக்கே முடிவு செய்தார்: அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, இங்கேயே திரும்பி வருவது.

அவருக்கு என்ன தேவைப்பட்டது?

இந்தக் கதையை எல்லோரும் இத்துடன் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நம் கேள்விக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

சேவை செய்ய வேண்டும் என்ற எண்ணம் ஐடாவுக்கு ஒரே இரவில் வந்துவிட்டது. அதற்கு எந்தப் பதக்கமும் காரணம் இல்லை. ஆனால் எண்ணம் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிரசவம்கூடப் பார்க்க முடியாதே! அவருக்கு முதலில் வேண்டியது ஒரு கல்லூரி. பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். அடுத்தது பணம். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிறு மருந்தகம் ஆரம்பமானது. 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

அதற்கப்புறம்தான் அவர் புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்தார். தான் ஒருத்தி எத்தனை வீட்டுக்கு ஓட முடியும்? ஓர் ஐடா இருந்தால் போதாது, நூறு பேர் வேண்டும் என்று புரிந்துகொண்டார். 1909-ல் செவிலியர் பள்ளி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண் பிள்ளைகளை டாக்டருக்குப் படிக்க யார் அனுப்பப் போகிறார்கள் என்று அன்றைய சென்னை அரசின் தலைமை மருத்துவ அதிகாரிக்கே சந்தேகம். வந்த விண்ணப்பங்கள் 151! முதல் அணியில் 14 பேர் 1922-ல் தேறி வெளியே வந்தார்கள். 1940-களில் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947-லிருந்து ஆண்களும் படிக்க வந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாணவிகளை வகுப்பறையிலேயே அடைத்து வைக்கவில்லை ஐடா. வேலூர் - குடியாத்தம் சாலையில் வாரம் ஒருமுறை வண்டியை ஓட்டிப்போய், மரத்தடியில் நிறுத்தி வைத்தியம் பார்ப்பது அவர் வழக்கம். "சாலையோர மருத்துவமனை" என்று பெயர். மாணவிகளும் கூடப் போவார்கள். கட்டுப் போடுவார்கள், மருந்து கொடுப்பார்கள். சேவை என்பது அங்கே பாடத்துக்கு வெளியே இருந்த நல்ல காரியமாக இல்லை, படிப்போடு சேர்ந்தே இருந்தது.

சரி, ஐடாவுக்கு விருது எப்போது வந்தது? நியூயார்க்கில் இருந்து எலிசபெத் பிளாக்வெல் பாராட்டு வந்தது 1953-ல். 1952-ஆம் ஆண்டின் தலைசிறந்த ஐந்து பெண் மருத்துவர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்போது அவருக்கு வயது 82. ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் இருந்தார். முதல் மருந்தகம் திறந்து அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 1960-ல் அவர் காலமானார். 2000-ல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

ஆக, விருது ஐடாவை உருவாக்கவில்லை. அவரை உருவாக்கியவை ஒரு கல்லூரி, ஒரு நன்கொடை, ஓர் அனுமதி. அப்படியானால் விருதே வீண் என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

பதக்கங்களின் கதை

வேலூரில் மருந்தகம் திறந்த அதே 1900-ல், பிரிட்டிஷ் அரசு ஒரு பதக்கத்தை உருவாக்கியது. பெயர் கெய்சர்-இ-ஹிந்த். இந்தியாவில் பொதுநலப் பணி செய்பவர்களுக்கு இனம், பதவி, ஆண், பெண் என்று பாராமல் தருவது. பஞ்ச நிவாரணம், பிளேக் தடுப்பு, மருத்துவமனைப் பணி என்று பல துறையினர் அதைப் பெற்றார்கள்.

அதைப் பெற்றவர்களில் நமக்கெல்லாம் தெரிந்த ஒருவர் காந்தி. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது சுமார் 1,100 இந்தியர்களைத் திரட்டி, காயம்பட்ட சிப்பாய்களைத் தூக்கிச் செல்லும் தொண்டர் படை அமைத்தார். 1906-ல் ஜூலு கலகத்தின்போதும் அப்படியே. இதற்கெல்லாம் யுத்தப் பதக்கங்கள் கிடைத்தன. 1915-ல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும் கிடைத்தது. 1920 ஆகஸ்டில் மூன்றையும் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டார். பஞ்சாப் படுகொலைக்கும் கிலாபத் விஷயத்தில் நடந்த அநீதிக்கும் பொறுப்பான அரசின் பதக்கத்தை அணிய மனம் ஒப்பவில்லை என்பது காரணம்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறது. விருது என்பது பெறுபவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, கொடுப்பவரைப் பற்றியும் பேசுகிறது. கொடுப்பவர் மீது மரியாதை போனால் பதக்கத்தின் மதிப்பும் போய்விடும். காந்தி தூக்கிய ஸ்ட்ரெச்சருக்கோ அதனால் பிழைத்தவர்களுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் விருதுகள் வைத்தோம். மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பி.சி. ராய் 1962-ல் மறைந்ததும் அவர் பெயரில் மருத்துவர்களுக்கான தேசிய விருது உருவானது. அவர் பிறந்ததும் இறந்ததும் ஜூலை 1. அந்த நாளைத்தான் 1991-லிருந்து மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறோம். மாணவர்களுக்கென்று பார்த்தால் 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது நம் எல்லோருக்கும் தெரிந்த என்.எஸ்.எஸ்., 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை, 7 நாள் சிறப்பு முகாம். 1993-94-ல் இதற்கும் தேசிய விருதுகள் வந்தன. தமிழக அரசு 2015-லிருந்து சமுதாயப் பணி செய்யும் 15 முதல் 35 வயது வரையிலான இளைஞர்களுக்கு முதலமைச்சர் மாநில இளைஞர் விருது வழங்கத் தொடங்கியது.

நல்ல விஷயங்கள்தான். ஆனால் இந்த மாதிரி விருதுகள் பலவற்றில் ஒரு சங்கடம் உண்டு. நாமே விண்ணப்பிக்க வேண்டும். செய்த சேவைக்கு ஆதாரம், போட்டோ, பேப்பர் கட்டிங், கடிதம் எல்லாம் இணைக்க வேண்டும். விளைவு என்ன? சேவை செய்பவர் ஒரு கையில் மருந்தும் இன்னொரு கையில் கேமராவும் வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. யார் நன்றாக ஃபைல் போடுகிறாரோ அவருக்குச் சாதகம். நள்ளிரவில் ஒரு பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன மாணவனிடம் போட்டோ இருக்காது.

வேலூர் தன் பிள்ளைகளுக்குத் தரும் விருது

மறுபடி வேலூருக்கே வருவோம். சி.எம்.சி.யில் பால் ஹாரிசன் விருது என்று ஒன்று உண்டு. அங்கே படித்துவிட்டு, வசதியில்லாத இடங்களில் போய் வருடக்கணக்கில் உழைத்த பழைய மாணவர்களுக்குத் தருவது. நாடு முழுக்கத் தெரிந்த பெரிய விருதில்லை. ஆனால் கொடுப்பது தான் படித்த கல்லூரி. பார்த்துக்கொண்டிருப்பது அடுத்து வெளியே போகப் போகும் மாணவர்கள். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

2004-ல் இந்த விருதைப் பெற்றவர் டாக்டர் பினாயக் சென். சத்தீஸ்கரில் சுரங்கத் தொழிலாளர்கள், பழங்குடி மக்கள் மத்தியில் பணியாற்றிய குழந்தைகள் மருத்துவர். 2007 மே மாதம் மாவோயிஸ்டுகளுக்கு உதவியதாகக் குற்றம் சாட்டிக் கைது செய்யப்பட்டார். அவர் சிறையில் இருந்தபோதே 2008-ல் ஜொனாதன் மான் என்ற சர்வதேச விருது அறிவிக்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற 22 பேர் அவருக்காகக் கடிதம் எழுதினார்கள். 2010-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, 2011-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜாமீன் பெற்றார். வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், ஒரு விருது என்ன செய்யும் என்பதற்கு இது உதாரணம். ஒதுக்குப்புறத்தில் வேலை செய்யும் ஒருவரை வெளியுலகம் பார்க்கும்படி செய்யும்.

இன்னொரு ஜோடி, டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே, டாக்டர் மேபல் ஆரோளே. இருவரும் சி.எம்.சி.யில் படித்தவர்கள். கணவன் மனைவியாக 1970-ல் மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேடுக்குப் போனார்கள். கிராமத்துப் பெண்களுக்கே, அதிகம் படிக்காதவர்களுக்கும்கூட, பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். 1979-ல் மகசேசே விருது கிடைத்தது. அதன் பிறகு அந்தச் சின்ன ஊருக்குப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் கற்றுக்கொள்ள வந்தார்கள். இங்கேயும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வேலை, ஒன்பது வருடம் கழித்து விருது, விருதுக்குப் பின்னால் இன்னும் பல பேர்.

இத்தனை பேர் ஒரே கல்லூரியிலிருந்து எப்படி? விருது மட்டும் காரணமில்லை. மிஷன் அமைப்புகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் 2 வருடம் தேவையுள்ள இடத்தில் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் அங்கே நீண்ட காலமாக உண்டு. படிக்கும்போதே கிராமத்தில் சில வாரங்கள் தங்கி, வீடு வீடாகப் போய் மக்களைத் தெரிந்துகொள்ளும் பயிற்சியும் உண்டு. போகிற வழியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, போனவர்களுக்கு விருது தருகிறார்கள். வழியே போடாமல் விருதை மட்டும் அறிவித்தால் யார் போவார்கள்?

ஸ்கெட்ச் பேனா சோதனை

இப்போது கொஞ்சம் உளவியல். 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம், "வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்குச் சொல்லாமலேயே, வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, சுதந்திரமாக விளையாட விட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். முன்கூட்டியே விருது பேசப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் விருது வாங்கிய குழந்தைகளின் ஆசை குறையவே இல்லை!

ஆசையாகச் செய்த வேலை, "இதைச் செய்தால் அது கிடைக்கும்" என்ற பேரம் ஆனதும் அலுத்துப் போகிறது என்பது விளக்கம். 1970-ல் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் ரத்த தானம் பற்றி எழுதிய புத்தகத்திலும் இதே கவலைதான். ரத்தத்துக்குக் காசு கொடுக்க ஆரம்பித்தால் தானமாகத் தருபவர் மனம் மாறிவிடும் என்று வாதிட்டார்.

எம்.பி.பி.எஸ். மாணவர்கள் மழலையர் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சோதனை ஏற்கனவே ஆசை உள்ளவர்களைப் பற்றியது. முகாம் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருவனை முதல் தடவை வண்டியில் ஏற்ற ஒரு சின்ன ஊக்கம் உதவலாம். அந்த முதல் பயணத்தில் அவன் என்ன பார்க்கிறான் என்பதுதான் அவன் இரண்டாவது தடவை வருவானா என்று முடிவு செய்யும். திண்டிவனத்தில் ஐடாவும் முதலில் அம்மாவைப் பார்க்க மட்டும்தானே வந்தார்?

மார்க் என்னும் பெரிய விருது

மருத்துவ மாணவர் உலகில் எல்லா விருதையும் விடப் பெரிய விருது ஒன்று உண்டு. முதுநிலைப் படிப்புக்கு ஓர் இடம்! அதையே சேவைக்குப் பரிசாக வைத்தும் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, தொலைதூர, கடினமான பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம், அதிகபட்சம் 30 சதவீதம் வரை நுழைவுத் தேர்வில் ஊக்க மதிப்பெண் தரலாம் என்று இருந்தது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலையில் 50 சதவீத இட ஒதுக்கீடு நெடுங்காலமாக இருந்தது. அது சிக்கலுக்குள்ளாகி, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

இது வேலை செய்ததா? செய்தது என்றே சொல்ல வேண்டும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இளம் டாக்டர்கள் வந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பலனை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம். ஆனால் பேரத்தின் குணமும் கூடவே வந்தது. "கடினமான பகுதி" என்றால் எது, எந்த ஊர் பட்டியலில் வரும், எந்த ஊர் வராது என்பதே வழக்காகி உயர் நீதிமன்றம் வரை போனது. நோயாளியைப் பற்றிய பேச்சு மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. ஒரு பணியிடத்தை நிரப்ப இந்த மாதிரி பரிசு நல்ல வழி. அந்த இடத்தில் மனசோடு உட்கார வைக்க அது போதாது.

விழுப்புரத்துக்கு வருவோம்

விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஐடா கதவு தட்டும் சத்தம் கேட்ட ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்கூட இல்லை. சுற்றிலும் செஞ்சி, மயிலம், வானூர், மரக்காணம் என்று கிராமங்கள். இங்கே சேவைக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பிறகுதான் மருத்துவ வேலையே ஆரம்பம். சேற்றுப்புண், வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், வெள்ளத்தில் மாத்திரை டப்பாவைத் தொலைத்துவிட்ட சர்க்கரை நோயாளிகள்... டி.வி. கேமராக்கள் போன பிறகும் மாதக்கணக்கில் நீளும் வேலை அது.

2021-22 அணியிலிருந்து எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்பு முழுக்க அவர்கள் உடல்நலத்தைக் கவனித்து வர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டது. ஐடாவின் குடியாத்தம் சாலை மாதிரி, வழி போட்டாகிவிட்டது. இனி விருது வைக்கலாம். எப்படி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியவை இவை:

1. விண்ணப்பம் வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி ஆசிரியை, நோயாளிகள் ஆகியோர் சொல்லும் பெயர்களிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். "போன வருஷம் வந்த பிள்ளைகள்ல யாரை ஞாபகம் இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

2. எத்தனை முகாம், எத்தனை மணி நேரம் என்று எண்ண வேண்டாம். ஒரே ஊருக்கு எத்தனை தடவை திரும்பிப் போனார்கள் என்று பார்க்கலாம். ரத்த அழுத்தம் பார்த்துச் சீட்டு எழுதுவது எளிது. மூன்று மாதம் கழித்து அதே அம்மா மாத்திரை சாப்பிடுகிறாரா என்று போய்க் கேட்பதுதான் கஷ்டம்.

3. தனி ஆளுக்குத் தராமல் குழுவுக்குத் தரலாம். ஒருவர் மேடையேறினால் கூட உழைத்த பத்துப் பேர் அடுத்த தடவை வரமாட்டார்கள்.

4. பரிசு, ஷீல்டாக இல்லாமல் அடுத்த கட்டத்துக்கு வழியாக இருக்கட்டும். ஜாம்கேடுக்கோ, டாக்டர் ரெஜி - டாக்டர் லலிதா தம்பதி 1993-லிருந்து பழங்குடி மக்களுக்காக உழைக்கும் தருமபுரி மாவட்டச் சிட்டிலிங்கிக்கோ போய் ஒரு மாதம் தங்கிக் கற்றுக்கொள்ளப் பயணச் செலவு, அந்த நாட்களுக்கு வருகைப் பதிவு. மருத்துவ மாணவருக்கு வருகைப் பதிவைவிடப் பெரிய பரிசு உண்டா என்ன!

5. கொடுக்கும் விழாவுக்கு அப்பா அம்மாவைக் கூப்பிட வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சேவைக்குப் போகும் பிள்ளையிடம் நம் வீடுகளில் கேட்கும் கேள்வி என்ன? "நீட் பி.ஜி.க்குப் படிக்காம எங்கடா சுத்திட்டு வர்றே?" அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்த வீடுகள் அவை. அந்த வீட்டுக்கு, "உங்கள் பிள்ளை உருப்படியான காரியம்தான் செய்கிறான்" என்று ஊர் முன்னால் ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் கருவிதான் விருது. 1918-ல் 151 வீடுகள் தங்கள் பெண்களை டாக்டருக்கு அனுப்பத் துணிந்தது எப்படி என்று யோசித்தால், அதற்கு முந்தைய 18 வருடம் வேலூரில் ஒரு பெண் டாக்டரைக் கண்ணால் பார்த்தது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. கண்ணால் பார்த்ததை நம் ஊர் நம்பும்.

ஆக, சேவை மனம் உள்ளவனுக்கு விருது தேவையில்லை. அவனைச் சுற்றி இருக்கிற வீட்டாருக்கும், டீனுக்கும், வகுப்புத் தோழர்களுக்கும், அடுத்த வருடம் சேரப் போகும் ஜூனியருக்கும் அது தேவை. அவர்களை மனதில் வைத்து விருதை அமைத்தால் பலன் இருக்கும். மேடையில் நிற்பவரை மட்டும் மனதில் வைத்தால் ஷீல்டு கடைக்காரருக்குத்தான் லாபம்.

பெயர் என்ன வைக்கலாம்?

அப்படி ஒரு விருது விழுப்புரம் மாவட்டத்தில் வந்தால், எந்தத் தலைவர் பெயரும் வேண்டாம், ஐடா ஸ்கடர் பெயர்கூட வேண்டாம் என்பேன். அவருக்கு வேலூரே இருக்கிறது. அன்று திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களின் பெயர் என்ன? உலகமெங்கும் சொல்லப்பட்ட அந்தக் கதையில் அவர்கள் யாருடைய மனைவிகள் என்பது மட்டுமே இருக்கிறது. முதலாவது பெண்ணுக்குப் பதினான்கு வயது இருக்கும் என்கிறார்கள். "திண்டிவனம் மூவர் விருது" என்று வைக்கலாம்.

தமிழ்நாட்டில் 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 54. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் மருத்துவமனைப் பிரசவங்கள் 99 சதவீதத்துக்கும் மேல். அந்த மூவரைக் கொன்ற காரணத்தை ஏறக்குறைய ஒழித்துவிட்டோம். ஆனால் கதவைத் தட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை பஸ் ஏறுகிறவர்கள், காலில் புண் வந்தும் சர்க்கரை என்று தெரியாதவர்கள், பூச்சிமருந்து குடித்துப் பிழைத்து வந்த பிறகு பேச ஆள் இல்லாதவர்கள்.

முண்டியம்பாக்கத்திலோ வேறு கல்லூரியிலோ படிக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். விருது வருகிற வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தத்துக் குடும்பங்களில் ஒன்றுக்கு, லாக் புக்கில் கையெழுத்து தேவைப்படாத ஒரு நாளில், ஒரு தடவை போய்ப் பாருங்கள். அங்கே என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். விருதுக் குழுவில் யார் யார் இருக்கலாம் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.